எழுத்துருவும் படமும் தேடுவது எப்படி: வடிவமைப்பாளருக்கும் ஓவியருக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

அச்சகத்துக்குக் கோப்பை அனுப்ப ஒரு மணி நேரம்தான் இருந்தது. போஸ்டரில் தேதியை மட்டும் கடைசியாகச் சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவைத்திருந்தேன். தட்டச்சு செய்தால் மாதத்தின் பெயர் அழகாக வந்தது; எண்கள் இருக்க வேண்டிய இடத்தில் வெற்றுக் கட்டங்கள் வரிசையாக நின்றன. நான் பதிவிறக்கியிருந்தது முழு எழுத்துரு அன்று, வாங்கத் தூண்டுவதற்காக வெளியிடும் மாதிரிப் பதிப்பு. பதறிப்போய் அதனுடன் வந்திருந்த உரைக் கோப்பைத் திறந்தேன். ‘தனிப்பட்ட பயன்பாட்டுக்கு மட்டும்’ என்று முதல் வரியிலேயே எழுதியிருந்தார்கள். எண்கள் இருந்திருந்தாலும் அதை அந்த வேலைக்குப் பயன்படுத்தியிருக்கக் கூடாது. எண் இல்லாமல் போனது என் நல்ல நேரம்.

இணையத்தில் எழுத்துருவுக்கும் படத்துக்கும் பஞ்சமே இல்லை. அவை எங்கிருந்து வந்தன, அவற்றை வைத்து நாம் என்ன செய்யலாம் என்கிற விவரத்துக்குத்தான் பஞ்சம். அதனால் இந்த வழிகாட்டியில் தளங்களின் பெயர்களைவிடத் தேடும் வரிசைக்கு அதிக இடம் கொடுத்திருக்கிறேன். தளங்கள் வரும், போகும், கைமாறும். வரிசை பழகிவிட்டால் புதிய தளத்திலும் தடுமாற மாட்டீர்கள்.

படி 1: தேடும் முன் ஒரு தாள்

கணினியைத் தொடுவதற்கு முன் ஒரு தாளில் ஐந்து விடைகளை எழுதுங்கள். வேலை அச்சுக்கா, திரைக்கா, இரண்டுக்குமா? எந்தெந்த மொழிகள் வரும்? மிகச் சிறிய எழுத்து எந்த அளவில் இருக்கும்? யாராவது இதற்குப் பணம் கொடுக்கிறார்களா, அல்லது இதைக் கொண்டு பணம் ஈட்டப் போகிறார்களா? கோப்பை வேறு யாரேனும் பின்னர் திறந்து திருத்துவார்களா?

கடைசி இரண்டு கேள்விகளும் அழகியலுக்குத் தொடர்பில்லாதவைபோலத் தோன்றும். தேடலில் பாதியை அவைதான் தீர்மானிக்கின்றன. பணம் சம்பந்தப்பட்ட வேலை என்றால் தனிப்பட்ட பயன்பாட்டு எழுத்துருக்கள் அனைத்தும் தொடக்கத்திலேயே கழிந்துவிடும். வேறொருவர் திருத்துவார் என்றால், அவருக்கும் சட்டப்படி கிடைக்கக்கூடிய எழுத்துருவாக இருக்க வேண்டும். அழகைப் பார்த்து மயங்கிய பிறகு இவற்றை யோசித்தால் மனம் சாக்குப்போக்கு தேடத் தொடங்கிவிடும். என் அனுபவம் அப்படித்தான்.

படி 2: உரிமத்தைப் படிக்கப் பழகுங்கள்

எல்லோரும் தாண்டிச் செல்லும் படி இது. சற்று நேரம் ஒதுக்கிப் படித்தால், நடைமுறையில் நாம் சந்திக்கும் உரிமங்கள் ஐந்தாறு வகைகளுக்குள் அடங்கிவிடுவது தெரியும்.

எழுத்துருக்களுக்கு மிகவும் வசதியானது எஸ்ஐஎல் திறந்த எழுத்துரு உரிமம். அதன் 1.1 பதிப்பு 2007-இல் வெளியானது. இன்றுவரை அதுதான் புழக்கத்தில் இருக்கிறது. இந்த உரிமத்தில் வரும் எழுத்துருவை வணிக வேலைக்கும் பயன்படுத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம், செயலியோடு சேர்த்து வழங்கலாம், உள்ளே புகுந்து திருத்தவும் செய்யலாம். எழுத்துருக் கோப்பைத் தனியாக விற்கத்தான் கூடாது. திருத்தி வெளியிட்டால் அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும்; மூல ஆசிரியர் பெயரை ஒதுக்கிவைத்திருந்தால் உங்கள் பதிப்புக்கு வேறு பெயர் சூட்ட வேண்டும். அந்த எழுத்துருவில் நீங்கள் உருவாக்கிய போஸ்டருக்கோ புத்தகத்துக்கோ இந்த உரிமம் தொற்றிக்கொள்ளாது. பலருக்கு இதில் தேவையற்ற பயம் இருக்கிறது.

கட்டண எழுத்துருக்களில் ஒரே எழுத்துருவுக்கு நான்கைந்து உரிமங்கள் தனித்தனியாக விற்கப்படும்: கணினியில் நிறுவ ஒன்று, இணையதளத்துக்கு ஒன்று, செயலிக்கு ஒன்று, மின்னூலுக்கு ஒன்று. கணினிக்கான உரிமத்தை வாங்கிவிட்டு அதே கோப்பை இணையதளத்தில் ஏற்றுவது மிகப் பரவலான மீறல். எத்தனை பேர் நிறுவலாம் என்கிற எண்ணிக்கையையும் பாருங்கள். லோகோவில் பயன்படுத்தத் தனி அனுமதி கேட்கும் நிறுவனங்களும் உண்டு.

‘எழுத்துகளைக் கோட்டுருவமாக (அவுட்லைனாக) மாற்றிவிட்டால் அது படமாகிவிடும், பிறகு உரிமப் பிரச்சினை இல்லை’ என்று ஒரு நம்பிக்கை நம் துறையில் வேரூன்றியிருக்கிறது. தனிப்பட்ட பயன்பாட்டுக்கு மட்டும் என்ற நிபந்தனை, எழுத்துருவை வைத்து நீங்கள் செய்த வேலையைப் பற்றியது. கோட்டுருவமாக மாற்றினால் எழுத்துரு காணாமல் போய்விடும் சிக்கல் தீரும், நிபந்தனை தீராது.

படங்களுக்கு வருவோம். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் 2002-இல் முதன்முதலாக வெளிவந்தன. இப்போது பயன்பாட்டில் இருப்பது 2013-இல் வந்த 4.0 பதிப்பு. இவற்றில் நான்கு கூறுகள் மாறி மாறிச் சேரும். பெயர் குறிப்பிட வேண்டும் என்பது ஒன்று. வணிகப் பயன்பாடு கூடாது என்பது இன்னொன்று. மாற்றியமைத்த வடிவத்தைப் பகிரக் கூடாது என்பது மூன்றாவது. ஒட்டுப்படம் செய்யும் ஓவியர் இதைக் கண்டதும் விலகிவிட வேண்டும். உங்கள் ஆக்கத்தையும் அதே உரிமத்தில் வெளியிட வேண்டும் என்பது நான்காவது. வாடிக்கையாளர் பணம் கொடுத்துச் செய்யச் சொன்ன விளம்பரப் படத்தை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று அறிவிக்க அவர் ஒப்புக்கொள்ள மாட்டார். ஆகவே வணிக வேலைக்குப் பெயர் குறிப்பிடுதலை மட்டும் கேட்கும் உரிமமே நடைமுறையில் உதவும். பெயர் குறிப்பிடும்போது நான்கு விவரங்களைத் தாருங்கள்: படத்தின் தலைப்பு, ஆக்கியவர், கிடைத்த இடம், உரிமத்தின் பெயர். மாற்றம் செய்திருந்தால் அதையும் சொல்ல வேண்டும். ‘நன்றி: இணையம்’ என்று போடுவது எந்த உரிமத்தையும் நிறைவு செய்யாது.

கிரியேட்டிவ் காமன்ஸின் சிசி ஜீரோ என்பது 2009-இல் வந்தது. ஆக்கியவர் தம் உரிமைகள் அனைத்தையும் சட்டம் அனுமதிக்கும் அளவுக்கு விட்டுக்கொடுத்துவிடுகிறார். பெயர் குறிப்பிடும் கட்டாயம்கூட இல்லை; நான் குறிப்பிடுகிறேன், மரியாதைக்காக. பதிப்புரிமைக் காலம் முடிந்து பொதுவுடைமை ஆனவை இதிலிருந்து வேறுபட்டவை. அந்தக் காலக் கணக்கு நாட்டுக்கு நாடு மாறுகிறது என்பதை மறக்க வேண்டாம்.

இந்த எல்லா உரிமங்களுமே பதிப்புரிமையைப் பற்றித்தான் பேசுகின்றன. படத்தில் அடையாளம் காணக்கூடிய மனிதர் இருந்தால் அவருடைய ஒப்புதல் வேறு. பின்னணியில் ஒரு நிறுவனத்தின் சின்னம் தெரிந்தால் அதன் வணிகக் குறி உரிமை வேறு. இலவசப் புகைப்படத்தில் சிரிக்கும் முகத்தை ஒரு நோய் பற்றிய விளம்பரத்தில் வைப்பதற்கு முன் இருமுறை யோசியுங்கள்.

படி 3: எழுத்துருக்களை எங்கே தேடுவது

என் வரிசை இது: முதலில் முற்றிலும் திறந்த தொகுப்புகள், அடுத்து இலவசமாக வணிகப் பயன்பாட்டுக்கு வழங்குபவை, அதன் பிறகு சந்தா, கடைசியில் கடை.

கூகுள் ஃபான்ட்ஸ் 2010-இல் தொடங்கியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட எழுத்துருக் குடும்பங்கள் இருக்கின்றன. அனைத்தும் திறந்த உரிமம் கொண்டவை. மொழி, தடிமன், அகலம் என்று வடிகட்டலாம். உங்கள் வாசகத்தையே தட்டச்சு செய்து பார்க்கலாம். எல்லோரும் பயன்படுத்துவதால் அலுத்துவிட்டது என்று சிலர் ஒதுக்குகிறார்கள். முதல் பக்கத்தில் தெரிகிற பத்து எழுத்துருக்களையே மீண்டும் மீண்டும் எடுத்தால் அலுக்கத்தான் செய்யும். ‘மிகப் பிரபலமானவை’ என்கிற வரிசையை மாற்றிவிட்டுத் தேடுங்கள். வேறொரு தளத்துக்கு வந்துவிட்டதுபோல இருக்கும்.

சற்று வித்தியாசமான வடிவங்களுக்கு 2009-இல் தொடங்கிய லீக் ஆஃப் மூவபிள் டைப், பிரான்சைச் சேர்ந்த வெல்வெட்டீன் ஆகியவற்றைப் பாருங்கள். வெல்வெட்டீனில் இருப்பவை பலவும் துணிச்சலான பரிசோதனைகள். பத்தி உரைக்கு உதவாதவை. இசை நிகழ்ச்சிப் போஸ்டருக்கு விருந்து.

ஃபான்ட் ஸ்க்விரல் வணிகப் பயன்பாட்டுக்கு அனுமதி உள்ளவற்றை மட்டும் தொகுக்கிறது. அப்படியிருந்தும் ஒவ்வொரு எழுத்துருவின் உரிமத்தையும் தனியாகப் படிக்க வேண்டும், ஏனென்றால் இணையப் பயன்பாடு, செயலிப் பயன்பாடு ஆகியவற்றில் அவை வேறுபடும். இந்தியன் டைப் ஃபவுண்ட்ரி என்ற எழுத்துரு நிறுவனம் நடத்தும் ஃபான்ட்ஷேர், தேர்ந்த தரமுள்ள எழுத்துருக்களை வணிகத்துக்கும் இலவசமாகத் தருகிறது. இலவசம் என்றாலும் அவற்றில் பெரும்பாலானவை திறந்த எழுத்துருக்கள் அல்ல: திருத்தவோ மறுவிநியோகம் செய்யவோ அவற்றின் உரிமம் இடம் கொடுப்பதில்லை. இலவசமும் திறந்த உரிமமும் ஒன்று என்று நினைத்துத்தான் பலர் சறுக்குகிறார்கள்.

டாஃபான்ட் போன்ற பெருந்தொகுப்புகளில் தேடுவது பழைய இரும்புக் கடையில் தேடுவதைப் போன்றது. நல்ல பொருள் கிடைக்கும்; கை அழுக்காகும். பதிவிறக்கப் பொத்தானின் அருகே உரிமத்தின் வகை எழுதியிருக்கும். அது வெறும் குறிப்புதான், கோப்போடு வரும் உரையையும் ஆக்கியவரின் தளத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அந்தத் தளமே சொல்கிறது. கேட்டால் அனுமதி தரும் ஆசிரியர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். இரண்டு வரி மின்னஞ்சல் போதும், பதிலைச் சேமித்துவையுங்கள்.

அடோபி ஃபான்ட்ஸ், முன்பு டைப்கிட் என்று இருந்தது. 2018-இல் பெயர் மாறியது. கிரியேட்டிவ் கிளவுட் சந்தாவோடு வருகிறது. சந்தா நின்றால் எழுத்துருக்களும் நின்றுவிடும். சில ஆண்டுகள் கழித்துத் திருத்த வேண்டியிருக்கும் ஆண்டறிக்கை, பாடநூல் போன்றவற்றுக்கு இதை யோசித்தே எடுக்க வேண்டும்.

கடையில் வாங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒரு எழுத்துருக் குடும்பத்துக்குப் பின்னால் பல மாத உழைப்பு இருக்கிறது. முழுக் குடும்பத்தையும் வாங்காமல், தேவைப்படும் இரண்டு தடிமன்களை மட்டும் வாங்கினால் கை கடிக்காது.

படி 4: தமிழ் எழுத்துருவுக்குத் தனிக் கவனம்

தமிழில் வேலை செய்பவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, யூனிகோட் எழுத்துருவுக்கும் பழைய குறியாக்க எழுத்துருவுக்கும் உள்ள வேறுபாடு. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் நாம் காண்பது தமிழ். கோப்புக்குள் சேமிக்கப்படுவது ஆங்கில எழுத்துக்குறிகள். எழுத்துருவை மாற்றினால் வாசகம் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகச் சிதறும். தேட முடியாது, நகலெடுத்து ஒட்டவும் முடியாது. அலங்காரத் தலைப்பெழுத்துகளில் அழகான பல வடிவங்கள் இன்னும் பழைய குறியாக்கத்தில் மட்டும்தான் கிடைக்கின்றன என்பதும் உண்மை. ஒரு தலைப்புக்கோ லோகோவுக்கோ அவற்றைக் கோட்டுருவமாக மாற்றிப் பயன்படுத்தலாம், உரிமம் இடம் கொடுத்தால். பத்திகளுக்கு வேண்டவே வேண்டாம்.

கூகுள் ஃபான்ட்ஸில் தமிழ் என்று வடிகட்டினால் கிடைப்பவற்றில் நான் அடிக்கடி எடுப்பவை சில. நீண்ட உரைக்கு நோட்டோ செரிஃப் தமிழ், டிரோ தமிழ். இரண்டும் புத்தகப் பக்கத்தில் கண்ணை உறுத்துவதில்லை. திரைக்கும் படிவங்களுக்கும் முக்த மலர், ஹிந்த் மதுரை, கேட்டமரன். இந்த மூன்றிலும் பல தடிமன்கள் இருப்பதால் தலைப்பு, துணைத்தலைப்பு, உரை என்று ஒரே குடும்பத்துக்குள் அடுக்க முடியும். பலூ தம்பி குண்டாக, சிரித்த முகத்தோடு இருக்கும். குழந்தைகளுக்கான வேலைகளுக்குப் பொருத்தம். காயினி அதைவிடப் பருமன். கவிவனார் சாய்ந்த கையெழுத்துச் சாயல் கொண்டது. அனெக் தமிழில் தடிமனையும் அகலத்தையும் தொடர்ச்சியாக மாற்றலாம். இடம் குறைந்த தலைப்புகளில் அது கைகொடுத்த அளவுக்கு வேறெதுவும் எனக்குக் கொடுத்ததில்லை. இத்தகைய மாறுநிலை எழுத்துருக்கள் 2016-இல் அறிவிக்கப்பட்டவை. பழைய மென்பொருள்களில் அவை ஒரே தடிமனில் உறைந்து நிற்கும். அப்போது நிலையான கோப்புகளை நிறுவிக்கொள்ளுங்கள்.

எழுத்துரு சரியாக இருந்தும் எழுத்துகள் குலையும் சிக்கல் ஒன்று உண்டு. ‘கெ’ என்று தட்டச்சு செய்தால் கொம்பு பின்னால் போய் நிற்கும். ‘கொ’ மூன்று துண்டாகும். குற்றம் எழுத்துருவினுடையது அன்று, மென்பொருளின் உரை அமைப்பியினுடையது. இன்டிசைனிலும் இல்லஸ்ட்ரேட்டரிலும் பத்தி அமைப்பில் வேர்ல்ட்-ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுங்கள். ஃபோட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் அதே பெயரிலான தளவமைப்பு இருக்கிறது. இங்க்ஸ்கேப், ஜிம்ப் ஆகியவற்றில் பொதுவாக இந்தத் தொல்லை வருவதில்லை. இதை அறியாமல் நல்ல எழுத்துருக்களை ‘வேலை செய்யவில்லை’ என்று தூக்கிப் போட்டவர்களை எனக்குத் தெரியும். அவர்களில் நானும் ஒருவன்.

இனிச் சோதனை. ‘தமிழ்’, ‘அம்மா’ என்று தட்டச்சு செய்து பார்ப்பதில் பயனில்லை. எந்த எழுத்துருவிலும் அவை நன்றாகத்தான் இருக்கும். ஓர் எழுத்துருவின் தரம் உகர ஊகார வரிசைகளில் தெரியும். டு, டூ, மூ, சூ, ளு, றூ, ழூ, னு ஆகியவற்றை வரிசையாக அடியுங்கள். கீழே இறங்கும் வளைவுகள் ஒரே கை எழுதியதுபோல இருக்க வேண்டும். அடுத்து ணொ, ஹௌ, ஜூ, க்ஷ, ஸ்ரீ, ஃ. பிறகு ‘ர’வையும் துணைக்காலையும் அடுத்தடுத்து வைத்து, ‘ரா’, ‘காரர்’ என்று எழுதிப் பாருங்கள். இரண்டையும் பிரித்தறிய முடிகிறதா? கனத்த தடிமனில் ‘ண’, ‘ன’, ‘ள’, ‘ஞ’ ஆகியவற்றின் உள்வெளிகள் மை பூசியதுபோல அடைத்துப் போகின்றனவா? எண்கள், மேற்கோள் குறிகள், அடைப்புக்குறிகள், சதவீதக் குறி, நாணயக் குறிகள் உள்ளனவா? எண்களைச் சோதிக்கச் சொல்வதற்கான காரணத்தைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டேன்.

வரி இடைவெளியை ஆங்கில உரைக்கு வைப்பதுபோல வைத்தால், மேல் வரியின் ‘கூ’ கீழ் வரியின் ‘கீ’யின் தலையில் இடிக்கும். தமிழ் உரைக்குக் கூடுதல் இடைவெளி தேவை, அகலமும் கூடுதலாகத் தேவை. ஆங்கிலத்தில் அளந்து வரைந்த பொத்தானுக்குள் தமிழ்ச் சொல் அடங்காமல் பிதுங்குவதை நாம் தினமும் பார்க்கிறோம். இரு மொழிகளும் அருகருகே வரும்போது புள்ளி அளவு சமமாக இருப்பதைவிடக் கண்ணுக்குச் சமமாகத் தெரிவதே முக்கியம். ஏதாவது ஒன்றை ஓரிரு புள்ளி கூட்டவோ குறைக்கவோ நேரும்.

படி 5: கண்ணில் பட்ட எழுத்துருவின் பெயரைக் கண்டுபிடித்தல்

ஒரு பலகையிலோ அட்டையிலோ பார்த்த ஆங்கில எழுத்து என்ன என்று அறிய, வாட்தஃபான்ட், ஃபான்ட் ஸ்க்விரலின் மேட்சரேட்டர் ஆகியவற்றில் படத்தை ஏற்றலாம். படத்தை நேராக்கி, எழுத்துகள் ஒன்றையொன்று தொடாத பகுதியை வெட்டி, கறுப்பு வெள்ளையாக்கிக் கொடுத்தால் விடை தேறும். தமிழ் எழுத்துகளுக்கு இந்தக் கருவிகளை நம்ப முடியாது. ஒப்பிட்டுப் பார்ப்பதே வழி: ‘ழ’, ‘இ’, ‘ஓ’, ‘ஞ’ ஆகிய நான்கு எழுத்துகளின் வளைவுகளைக் கவனித்தால் பல எழுத்துருக்களைப் பிரித்தறியலாம். பல நேரங்களில் அது எழுத்துருவாகவே இருக்காது, ஓர் ஓவியர் கையால் வரைந்ததாக இருக்கும். ஒரே வாசகத்தில் இருமுறை வரும் எழுத்தை ஒப்பிடுங்கள். சிறிதளவு வேறுபட்டாலும் அது பெரும்பாலும் கைவேலை.

படி 6: படங்களும் ஓவியங்களும்

புகைப்படம் வேண்டும் என்றதும் எல்லோரும் அன்ஸ்பிளாஷ், பெக்செல்ஸ், பிக்சாபே ஆகியவற்றுக்குப் போகிறார்கள். போகலாம். ஆனால் வரலாற்றைத் தெரிந்துகொண்டு போகலாம். அன்ஸ்பிளாஷ் முன்பு படங்களைச் சிசி ஜீரோவில் வழங்கியது. 2017-இல் தனக்கென ஓர் உரிமத்துக்கு மாறியது. பிக்சாபேயும் 2019-இல் அவ்வாறே மாறியது. ஆகவே ஒரு படத்தின் உரிமம் என்ன என்று கேட்டால் ‘எந்தத் தேதியில் பதிவிறக்கியது’ என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது.

நான் அதிக நேரம் செலவிடுவது அருங்காட்சியகங்களில். ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியம் 2012-இல் ரைக்ஸ்ஸ்டூடியோ என்ற பெயரில் தன் சேகரிப்பைத் திறந்தது. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017-இல் 3,75,000 படங்களைச் சிசி ஜீரோவில் வெளியிட்டது. 2018-இல் சிகாகோ கலை நிறுவனம் அதே பாதையில் வந்தது. 2020-இல் ஸ்மித்சோனியன் 28 லட்சம் படங்களோடு கதவைத் திறந்தது. செதுக்கோவியங்கள், துணி அலங்காரங்கள், பழைய வரைபடங்கள், பூச்சிகளின் நுண்சித்திரங்கள் என்று அங்கே கிடப்பவற்றுக்கு அளவில்லை. தாவர, விலங்கு ஓவியங்களுக்கென்றே பயோடைவர்சிட்டி ஹெரிட்டேஜ் லைப்ரரி இருக்கிறது. ஒரே மாதிரியான அலுவலகப் புகைப்படங்களைப் புரட்டிக்கொண்டிருப்பவர் ஒருமுறை அங்கே நுழைந்தால் சாப்பாட்டு நேரத்தை மறந்துவிடுவார்.

தேடும் விதத்தில்தான் சூட்சுமம் இருக்கிறது. அருங்காட்சியகத் தளத்தில் முதலில் ‘ஓப்பன் ஆக்சஸ்’ அல்லது பொதுவுடைமை என்கிற வடிகட்டியைப் போடுங்கள். சேகரிப்பில் இருக்கும் எல்லாமே திறந்தவை அல்ல. பொருளின் பெயரைத் தேடுவதோடு நில்லாமல் உத்தியின் பெயரையும் தேடுங்கள்: மரச்செதுக்கு, செப்புத்தகடு, கல்லச்சு. நீங்கள் ‘பறவை’ என்று தேடினால் ஓவியம், பானை, பொம்மை எல்லாம் கலந்து வரும்; ‘மரச்செதுக்குப் பறவை’ என்றால் கறுப்புக் கோட்டில் அச்சிடத் தயாராக வரும். ஆங்கிலத்தில் தேடுவதோடு அந்தந்த நாட்டு மொழிச் சொல்லையும் இட்டுப் பாருங்கள். ஒரு நல்ல படம் கிடைத்தால் அதன் ஆக்கியவர் பெயரைச் சொடுக்குங்கள். ஒன்றின் பின்னால் நாற்பது இருக்கும்.

பல சேகரிப்புகளை ஒரே இடத்தில் துழாவ விக்கிமீடியா காமன்ஸும் ஓப்பன்வெர்ஸும் உதவும். தேடுபொறியின் படப் பகுதியை மூலமாகக் கொள்ளாதீர்கள். அது வழிகாட்டும் பலகை, அவ்வளவுதான். படத்தின் பிறப்பிடம் தெரியாவிட்டால், படத்தைக் கொண்டே தேடும் டின்ஐ தளத்தில் ஏற்றி, மிகப் பழைய பதிவை நோக்கிப் பின்னோக்கிச் செல்லுங்கள். பிறப்பிடம் கிடைக்காத படத்தை நான் பயன்படுத்துவதில்லை. பழைய செதுக்கோவியம்போலத் தோன்றுவதை இயந்திரம் நேற்று வரைந்திருக்கக்கூடிய காலம் இது. சேகரிப்பு எண்ணும் அருங்காட்சியகப் பெயரும் இருந்தால்தான் அது பழையது.

ஓர் எச்சரிக்கை. ஓவியம் பழையதாக இருந்தால் அதை அப்படியே படமெடுத்த புகைப்படத்தைப் பற்றிப் பல நாடுகளில் கவலையில்லை. சிற்பத்தின் நிலை வேறு. எந்தக் கோணம், எந்த ஒளி என்று புகைப்படக்காரர் தீர்மானிப்பதால், ஆயிரம் ஆண்டுப் பழமையான சிற்பத்தின் புதிய புகைப்படத்துக்குப் புதிய பதிப்புரிமை இருக்கும்.

அளவையும் பார்த்துவிடுங்கள். ஏ4 தாளை நிறைக்கும் படத்தை 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) அச்சிட 2480-க்கு 3508 பிக்சல் வேண்டும். திரையில் பளிச்சென்று இருக்கும் 1200 பிக்சல் படம் அச்சில் கஞ்சிபோல ஆகிவிடும். பல அருங்காட்சியகங்கள் இதைவிடப் பெரிய கோப்புகளையே தருகின்றன; பார்வைக்குக் காட்டும் சிறு படத்தை வலது சொடுக்கில் சேமிக்காமல் பதிவிறக்கப் பொத்தானைத் தேடுங்கள்.

படி 7: ஐகான், டெக்ஸ்சர், தூரிகை, வண்ணம்

ஐகான்களில் ஒரு வேலைக்கு ஒரே தொகுப்பு என்பது என் விதி. டேப்லர், ஃபாஸ்பர் இரண்டும் எம்ஐடி உரிமத்தில் இருக்கின்றன; கூகுளின் மெட்டீரியல் சிம்பல்ஸ் அப்பாச்சி உரிமத்தில். இரண்டுமே வணிகத்துக்கும் இடம் கொடுக்கும் திறந்த உரிமங்கள். நவுன் ப்ராஜெக்டில் இலவசமாக எடுத்தால் ஆக்கியவரின் பெயரைப் போட வேண்டும். எஸ்விஜி ரெப்போவில் ஒவ்வொரு ஐகானுக்கும் உரிமம் மாறும். எந்தத் தொகுப்பின் ஐகானையும் லோகோவாக்காதீர்கள். நாளை அதே ஐகான் பக்கத்துக் கடையின் பலகையில் இருக்கும்.

டெக்ஸ்சர்களுக்கு, அதாவது பரப்புகளின் இழைநயத்தைக் காட்டும் படங்களுக்கு, ஆம்பியன்ட்சிஜி, பாலி ஹேவன். இரண்டும் சிசி ஜீரோ. ஆனால் காகிதம், துருப்பிடித்த தகடு, சுவர்க் காரை ஆகியவற்றை நீங்களே படமெடுத்துக்கொள்வது இன்னும் நல்லது. உரிமம் உங்களுடையது, வேறு எவரிடமும் இல்லாதது. கிரிட்டா என்ற ஓவிய மென்பொருளோடு வரும் தூரிகைகளே பெரும்பாலான ஓவியர்களுக்குப் போதும். தூரிகைத் தொகுப்பு சேர்ப்பது ஒரு தனி நோய். படம் வரையும் நேரத்தைத் தின்றுவிடும்.

வண்ணக் கோவைகளுக்கு அடோபி கலர், கூலர்ஸ் என்று பல கருவிகள் இருக்கின்றன. ஒரு பழைய ஓவியத்திலிருந்து ஐந்து நிறங்களை உறிஞ்சி எடுத்தால் கிடைக்கும் கோவை பெரும்பாலும் அவற்றைவிட உயிரோடு இருக்கும். எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான மாறுபாடு, வழக்கமான அளவு உரைக்கு 4.5:1, பெரிய எழுத்துக்கு 3:1 என்பது இணைய அணுகல்தன்மை நெறிமுறை. அந்த அளவுக்குக் கீழே போனால் வெளிர் சாம்பல் நிற எழுத்தை நீங்களும் உங்கள் திரையும் மட்டும்தான் படிப்பீர்கள்.

படி 8: கிடைத்ததை வைத்துக்கொள்ளும் முறை

ஒவ்வொரு வேலைக்கும் ‘மூலங்கள்’ என்று ஒரு கோப்புறை. அதற்குள் எழுத்துருக்கள், படங்கள், ஐகான்கள் என்று தனித்தனி அறைகள். பதிவிறக்கிய சுருக்கக் கோப்பை அப்படியே வையுங்கள். உள்ளே இருக்கும் உரிம உரையை அழிக்காதீர்கள். உரிமம் எழுதியிருக்கும் இணையப் பக்கத்தைத் தேதியோடு பிடிஎஃப் ஆகச் சேமியுங்கள். அன்ஸ்பிளாஷ், பிக்சாபே கதைகளைச் சொன்னது இதற்காகத்தான்.

அதோடு ஓர் அட்டவணை: பொருளின் பெயர், ஆக்கியவர், இணைய முகவரி, உரிமம், பதிவிறக்கிய தேதி, எங்கே பயன்படுத்தினேன். ஒரு வரி எழுத அரை நிமிடம் ஆகும். மூன்று ஆண்டுகளுக்குப் பின் வாடிக்கையாளர் அழைத்து, ‘அந்த அட்டைப்படப் பறவை எங்கிருந்து வந்தது, எங்கள் வழக்கறிஞர் கேட்கிறார்’ என்று சொன்னபோது அந்த அரை நிமிடம் எனக்கு ஒரு வாரத் தூக்கத்தை மிச்சப்படுத்தியது.

பதிவிறக்கிய எழுத்துருக்கள் அனைத்தையும் கணினியில் நிறுவ வேண்டாம். மென்பொருள்கள் திணறும், பட்டியலில் தேவையானது கண்ணில் படாது. ஃபான்ட்பேஸ் போன்ற மேலாளரில் வைத்துக்கொண்டு, நடப்பு வேலைக்கு வேண்டியதை மட்டும் இயக்குங்கள். ஆண்டுக்கு ஒருமுறை களையெடுங்கள். உரிமம் எதுவென்று தெரியாத எழுத்துரு எவ்வளவு அழகாக இருந்தாலும் முதலில் வெளியேற வேண்டியது அதுதான்.

படி 9: கையளித்தல்

அச்சகத்துக்குப் பிடிஎஃப் அனுப்பினால் எழுத்துருக்கள் உள்ளே பதிந்துவிடும். பெரும்பாலான உரிமங்கள் இதற்கு இடம் கொடுக்கின்றன. எழுத்துருக் கோப்புகளையே அனுப்புவது வேறு. திறந்த உரிமம் என்றால் தடையில்லை. கட்டண எழுத்துரு என்றால் அச்சகமோ வாடிக்கையாளரோ தமக்கென உரிமம் வாங்க வேண்டியிருக்கலாம். அதை வேலையின் தொடக்கத்திலேயே விலைப்பட்டியலில் ஒரு வரியாகச் சேர்த்துவிட்டால் கடைசியில் சங்கடம் இருக்காது. அட்டவணையின் ஒரு படியையும் உடன் அனுப்புங்கள்.

பிடிஎஃப் உருவாக்கிய பின் அதைத் திறந்து, ஆவணப் பண்புகளில் எழுத்துருக்களின் பட்டியலைப் பாருங்கள். எல்லாவற்றுக்கும் எதிரே பதிக்கப்பட்டது என்று இருக்க வேண்டும். நீங்கள் தேர்ந்தெடுக்காத பெயர் ஏதாவது அந்தப் பட்டியலில் தென்பட்டால், எங்கோ ஓர் எழுத்து இல்லாமல் மென்பொருள் தானாகவே வேறோர் எழுத்துருவைப் புகுத்தியிருக்கிறது என்று பொருள். பக்கம் பக்கமாகத் தேடுங்கள். பெரும்பாலும் அது ஒரு மேற்கோள் குறியாக இருக்கும், அல்லது தேதியில் உள்ள ஓர் எண்ணாக.